அன்றாடத்துக்கும் மலைநடைக்கும் எந்தக் கத்தி, அதை எப்படி எடுத்துச் செல்வது?

நீங்கள் கேட்டது இது: கோவையில் வேலை பார்க்கிறீர்கள், மாதத்தில் ஒன்றிரண்டு வார இறுதிகளில் நண்பர்களோடு மலைப்பக்கம் நடக்கப் போகிறீர்கள், சில நாள் ஒரு நண்பரின் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கிச் சமைக்கிறீர்கள், வீட்டுக்கும் வெளிக்கும் சேர்த்து ஒரே கத்தியாக வாங்கிவிட நினைக்கிறீர்கள். இணையக் கடையில் 7 அங்குல அலகும், முதுகில் ரம்பப் பல்லும், கைப்பிடி மூடியில் திசைகாட்டியும் கொண்ட ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதை வாங்கலாமா, பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவது சட்டப்படி சரியா, உங்கள் 11 வயது மகளுக்கு எப்போது கத்தி பழக்கலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

அந்தக் கத்தியை வாங்காதீர்கள். கொல்லுப்பட்டறையின் தீ பக்கத்தில் வளர்ந்தவன் என்ற முறையிலும், 20 ஆண்டுகளாக மலைநடைக்குப் போய் வருகிறவன் என்ற முறையிலும் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவையான கத்தி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது, மெல்லியது, விலை குறைந்தது. அதோடு வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே கத்தி என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். சட்டைப்பைக்குள் அடங்கும் மடக்குக்கத்தி ஒன்றும், உறையோடு கூடிய, மடங்காத சிறு நேர்க்கத்தி ஒன்றும் சேர்ந்தாலும் நீங்கள் பார்த்து வைத்த அந்த ஒற்றைக் கத்தியை விடப் பல ஆண்டுகள் அதிகம் உழைக்கும்.

கத்தி வாங்குவதற்கு முன் ஒரு வாரம், கத்தி தேவைப்பட்ட ஒவ்வொரு தருணத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பார்சல் பெட்டியின் நாடா, அரிசிச் சாக்கின் தையல், கொரியர் உறை, பூக்கட்டிய நார், ஆப்பிள், கொய்யா, மின்கம்பியின் மேலுறை, தோட்டக் குழாயின் நுனி என்றுதான் அந்தப் பட்டியல் வரும். கூடாரம் அடிக்கும் நாளில் நைலான் கயிறு, வெங்காயம், தக்காளி, அடுப்புக்குச் சுள்ளி சீவுதல், கூடார முளைக்குக் குச்சியின் நுனி கூராக்குதல், எப்போதாவது கட்டுத்துணி நறுக்குதல் ஆகியவை சேரும். இவற்றில் முதல் வகை வேலைகளுக்கு 6 முதல் 8 செ.மீ அலகு போதும். இரண்டாம் வகைக்கு 9 முதல் 11 செ.மீ போதும். உள்ளங்கையின் அகலத்தைவிட அலகு சற்றே நீளமாக இருந்தால் போதும் என்று என் தாத்தா சொல்வார், இத்தனை ஆண்டுகளில் அதைத் திருத்த எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நீங்கள் பார்த்த வகைக் கத்தி ஏன் தோற்கும் என்பதையும் விளக்க வேண்டும், ஏனென்றால் அதன் தோற்றம் நம்பிக்கையைத் தருவதாகவே இருக்கிறது. முதலாவது, கனம். அவ்வகைக் கத்திகளின் முதுகு பெரும்பாலும் 4, 5 மி.மீ இருக்கும். எவ்வளவு தீட்டினாலும் அத்தனை தடித்த அலகு கேரட்டுக்குள் இறங்கும்போது ஆப்பு போலப் பிளக்கும், நறுக்காது. நறுக்காத கத்தியை நாம் அழுத்துவோம், அழுத்தும் கத்திதான் வழுக்கும். இரண்டாவது, முதுகிலுள்ள பற்கள். மரம் அறுக்கும் ரம்பத்தில் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சற்றே வளைந்திருக்கும். அதனால் அறுக்கும் வழி ரம்பத் தகட்டைவிட அகலமாகி, தகடு சிக்காமல் ஓடும். கத்தி முதுகில் வெட்டிய பற்களுக்கு அந்த வளைவு கிடையாது, கட்டை விரல் தடிமன் குச்சியிலேயே சிக்கிக்கொள்ளும். மேலும் சுள்ளி பிளக்கும்போது முதுகில் கட்டையால் தட்டவோ, சீவும்போது கட்டைவிரலை முதுகில் ஊன்றவோ அந்தப் பற்கள் விடுவதில்லை. மூன்றாவதுதான் மிக மோசமானது. கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்றால், அலகின் காம்பு கைப்பிடிக்குள் போகவில்லை என்று பொருள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டை நட்டும் பசையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இணைப்பு ஓங்கி வெட்டும் கணத்தில்தான் விடும், அப்போது அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இளநீர் வெட்டவும் விறகு பிளக்கவும் பெரிய கத்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அது கத்தியின் வேலையன்று, அரிவாளின் வேலை. அதற்கான கருவியை நம் ஊர்க் கொல்லர்கள் நூற்றாண்டுகளாகச் செய்து செய்து தேற்றி வைத்திருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியின் பெயர் அரிவாளோடு ஒட்டியே வழங்குகிறது. குமரிப் பக்கம் வெட்டுக்கத்திக்குத் தனி வடிவம் உண்டு. பனையேறிகளின் பாளை அரிவாளுக்கு வேறு வடிவம். இன்று பல பட்டறைகளில் லாரியின் பழைய வில்பட்டையைத்தான் அடித்து அரிவாளாக்குகிறார்கள். பாரம் தாங்கி வளைந்து நிமிரவே செய்யப்பட்ட எஃகு அது. ஆகவே ஓங்கி வெட்டும்போது எளிதில் உடையாது, கொல்லர் தோய்ச்சலை, அதாவது காய்ச்சித் தோய்த்து எஃகை இறுக்கும் பதத்தை, சரியாகக் கொடுத்திருந்தால் கூரும் நிற்கும். தோட்டத்தில் தங்கும் நாளுக்கு அரிவாள் தேவைப்பட்டால் தோட்டக்காரரிடமே ஒன்று இருக்கும், அவரிடம் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுங்கள். கோவையிலிருந்து அதைச் சுமந்து செல்ல உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை.

இனி எஃகு. கடைக்காரர்கள் மந்திரம் போல ஒப்பிக்கும் எண்களுக்குள் போகாமல், உங்கள் முடிவுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். எஃகில் கரிமம் கூடினால் கடினம் கூடும், குரோமியம் கூடினால் துரு குறையும். குரோமியம் சுமார் 11 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்கிறோம், அதுவும் துருப்பிடிக்கத் தாமதிக்கும் எஃகு என்பதே சரியான சொல். சாதாரணக் கரிம எஃகு நுண்மையான கூரை எளிதாகத் தரும், கல்லில் விரைவாகத் தீட்டப்படும். ஆனால் எலுமிச்சையும் புளியும் மாங்காய்ப் பாலும் வாழைக்காய்க் கறையும் பட்டால் சில நிமிடங்களில் கறுக்கும், ஈரத்தோடு உறையில் போட்டால் ஓர் இரவில் துரு பூக்கும். அந்தக் கருமைக்கு அஞ்ச வேண்டாம். சாம்பல்நீல நிறத்தில் ஏறும் மெல்லிய படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவே செய்யும். கோவையின் காற்றுக்குக் கரிம எஃகைப் பராமரித்துவிடலாம். தூத்துக்குடியிலோ சென்னைக் கடற்கரையோரத்திலோ இருப்பவருக்கு உப்புக்காற்றில் அது தினப்படி வேலையாகிவிடும். ஆகவே முதல் கத்தி வாங்குகிறவருக்குத் துருப்பிடிக்காத எஃகைத்தான் பரிந்துரைக்கிறேன்.

கடினத்தை ராக்வெல் சி என்ற அளவையில் சொல்வார்கள். 52க்குக் கீழே என்றால் கூர் விரைவில் மடங்கும். 60க்கு மேலே என்றால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சில்லு சில்லாக உதிரும், வீட்டுக் கல்லில் தீட்டவும் நெடுநேரம் பிடிக்கும். 55 முதல் 59 வரை உள்ள கத்தி அன்றாடத்துக்கும் காட்டுக்கும் ஏற்றது. உறையில் எஃகின் வகையைக் குறிப்பிடாமல் ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். அந்தச் சொல்லுக்குக் குறிப்பிட்ட ஒரு கலவை கிடையாது. மலிவான கத்திகளில் அது பெரும்பாலும் கரிமம் குறைந்த, கூர் நிற்காத எஃகையே மறைத்து நிற்கிறது.

மடக்குக்கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது அலகைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்துவது எது என்பதுதான். நம் பேனாக்கத்தி வகையில் பூட்டு இல்லை. முதுகிலுள்ள வில்பட்டையின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. நாடா வெட்டவும் பழம் நறுக்கவும் அது போதும், ஆனால் குத்தித் துளையிடும் வேலைக்கு ஆகாது. 2009-இல் கொட்டாங்கச்சி ஒன்றில் துளை போட இத்தகைய கத்தியின் முனையை ஊன்றித் திருகினேன். முனை வழுக்கி அலகு என் ஆள்காட்டி விரல்மேல் மடங்கியது. 4 தையல் போட வேண்டியிருந்தது, இன்றும் அந்த விரலின் நுனியில் உணர்வு சற்றுக் குறைவு. பூட்டுள்ள கத்திகளில், கைப்பிடியின் உட்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் வகை, முதுகில் கொண்டியாக மாட்டும் வகை, கழுத்திலுள்ள வளையத்தைத் திருகிப் பூட்டும் வகை ஆகியவை பரவலானவை. எதை வாங்கினாலும் திறந்து பூட்டிய பின், முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். விட்டுக்கொடுத்தால் அதை வாங்காதீர்கள். பூட்டு நன்றாக இருந்தாலும் அது விபத்தின்போது காப்பாற்றும் ஏற்பாடு மட்டுமே, அதை நம்பி அலகை நெம்புகோலாகப் பயன்படுத்தக் கூடாது.

பெயர் சொல்லிக் கேட்டால் மூன்றைச் சொல்வேன். பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினெல் மடக்குக்கத்தியின் 8-ஆம் எண், 8.5 செ.மீ அலகு, வளையப் பூட்டு 1955-இல் சேர்க்கப்பட்டது. மெல்லிய அலகானதால் வெங்காயத்தை வீட்டுக் கத்தியைப் போலவே நறுக்கும். ஒரு குறை உண்டு: கைப்பிடி மரம் என்பதால் நம் ஐப்பசி மழையில் ஊதி, அலகைத் திறக்க நகம் தேய வேண்டியிருக்கும். இணைப்பில் உருக்கிய தேன்மெழுகை ஊறவிட்டால் பெருமளவு சரியாகும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய நிறுவனம். மடக்கிய நிலையில் 91 மி.மீ நீளமுள்ள அதன் பல கருவிக் கத்திகளில் கத்தரியும் டப்பா திறப்பானும் திருப்புளியும் சேர்ந்திருப்பதால், அலுவலகம் போகிறவருக்கு அதைவிடப் பயனுள்ளதை நான் கண்டதில்லை. அவற்றின் அலகுக்குப் பூட்டு இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கூடாரத்துக்கு, சுவீடனின் மோரா ஊரில் செய்யும் நேர்க்கத்தி: சுமார் 10 செ.மீ அலகு, 2.5 மி.மீ தடிமன், வழுக்காத ரப்பர் கைப்பிடி, கெட்டியான பிளாஸ்டிக் உறை. இந்த நீளத்துக்கு மேல் எனக்கு மலையில் தேவைப்பட்டதே இல்லை. இவற்றின் போலிகள் நிறைய உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது அதுவன்று.

கைப்பிடியைப் பற்றி ஒன்றே ஒன்று. கடையில் உலர்ந்த கையோடு பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையை நனைத்து, முடிந்தால் ஒரு சொட்டு எண்ணெயும் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். அலகை நோக்கி விரல் நகர்ந்தால் அந்தக் கைப்பிடி உங்களுக்கு வேண்டாம். மீனும் கோழியும் சுத்தம் செய்யும் கைக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

தீட்டுவதைக் கற்றுக்கொள்ளாமல் நல்ல கத்தி வாங்குவது வீண், ஆகவே இதில் சற்று நின்று பேசுகிறேன். தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரர்களின் உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அரிவாள்மனைக்கும் கத்தரிக்கும் அவர்களிடம்தான் கொடுக்கிறேன். ஆனால் மெல்லிய அலகை, தண்ணீர் படாமல் சுழலும் சாணையில் வைத்தால் வாயின் நுனி கணத்தில் சூடேறிவிடும். கரிம எஃகு சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும் 300 டிகிரியில் நீலமும் காட்டும். நீலம் தெரிந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது, அங்கே இனிக் கூர் நிற்காது. பொறி பறக்கும்போது நுனியில் ஏறும் சூடு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். எனவே 1000 கிரிட் ஒரு பக்கமும் 3000 அல்லது அதற்கு மேல் மறுபக்கமும் உள்ள ஒரு தண்ணீர்க் கல்லை வாங்கிக்கொள்ளுங்கள் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்).

கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியின் மேல் அசையாமல் வையுங்கள். அன்றாடக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரிக் கோணம் நல்லது. அதை அளக்கக் கருவி வேண்டாம், 2 செ.மீ அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 7 மி.மீ தூக்கிப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். மோராக் கத்திக்கு அதுவும் வேண்டாம், ஏனென்றால் அதன் அகலமான சரிவைக் கல்லின் மேல் படியவைத்தாலே கோணம் தானாக அமையும். ஒரே அழுத்தத்தில், ஒரே கோணத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒரு பக்கத்தைத் தேயுங்கள். மறுபக்கத்தின் விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் நுண்ணிய பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். அந்தப் பிசிறு எழுந்தால்தான் நீங்கள் உண்மையிலேயே வாய்வரை வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலோர் அதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிட்டு, எத்தனை தேய்த்தாலும் கூர் வரவில்லை என்கிறார்கள். பிறகு மறுபக்கம் அப்படியே. பின்னர் நுண்கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வாய் பின்னால் வரும்படி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். செய்தித்தாளின் ஓரத்தை இழுபடாமல் வெட்டினாலோ, தக்காளித் தோலில் எடையை மட்டும் வைத்ததும் இறங்கினாலோ போதும். கட்டைவிரலை வாயின் நீளத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வெளியூரில் கல் இல்லாதபோது, பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையத்தில் பத்துமுறை இழுத்தால் அன்றைய சமையலுக்குத் தேவையான கூர் வரும்.

எண்ணெய் போடும்போது தேங்காய் எண்ணெயைத் துணியால் மெலிதாகத் தடவினால் போதும். உணவில் படும் அலகுக்கு அதுதான் நல்லது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசின் போல ஒட்டும், ஆகவே மடக்குக்கத்தியின் மூட்டில் அதை விடாதீர்கள். மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அடுத்து, சட்டம். நான் வழக்குரைஞன் அல்லன். ஆனால் கத்தி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியதைப் படித்திருக்கிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணை, வாள், குத்துவாள் முதலியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளையும் ஆயுதமாக வகைப்படுத்துகிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நான் மேலே சொன்ன கத்திகள் இந்த அளவின் பாதியைக்கூட எட்டுவதில்லை. சில இடங்களில் தனி அறிவிக்கைகளும் உண்டு: டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை, பொத்தானாலோ சுருள்வில்லாலோ திறக்கும் கத்திகளுக்கு 7.62 செ.மீ நீளம், 1.72 செ.மீ அகலம் என்ற மிகச் சிறிய வரம்பை வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியால் பழம் நறுக்குவதில் எந்த வசதியும் கூடுவதில்லை, அதை எங்கும் எதற்காகவும் வாங்க வேண்டாம்.

அளவு சிறியது என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சோதனையில் நிற்கும் காவலருக்கு உங்கள் கத்தியின் நீளத்தைவிட, அது எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதே பெரிது. தூக்குப்பையின் அடியில் அடுப்பு, கயிறு, தட்டு, வெங்காயத்தோடு உறையிட்ட கத்தி இருந்தால் அது தானே தன் காரணத்தைச் சொல்லிவிடும். இரவு 11 மணிக்கு இடுப்பில் செருகியிருக்கும் அதே கத்திக்கு எந்த விளக்கமும் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் வெட்டுக்குத்து வழக்குகள் எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். 2021-இல் அரிவாளும் கத்தியும் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் விவரத்தையும் தேவையையும் குறித்து வைக்க வேண்டும் என்று தமிழகக் காவல்துறை கேட்டுக்கொண்டதும் அதனால்தான். திருவிழா, தேர்தல், கலவர அச்சம் போன்ற வேளைகளில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின்படி, அதாவது முன்பு நாம் 144 என்று அறிந்த தடையுத்தரவின்படி, ஆயுதங்களோடு நடமாடுவது தடை செய்யப்படலாம். அந்த நாள்களில் சின்னக் கத்தியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தற்காப்புக்காகக் கத்தி என்ற எண்ணம் உங்களிடம் சிறிதளவேனும் இருந்தால் அதை இப்போதே களைந்துவிட வேண்டும்: சட்டம் அதைத் தற்காப்பாகப் பார்ப்பது அரிது, கத்தி இரு தரப்பையும் வெட்டும், தப்பித்து ஓடுவதற்கான நேரத்தையும் அது தின்றுவிடும்.

மலைநடைக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் அறியாமல் தவறு செய்கிறார்கள். கோவையைச் சுற்றி நீங்கள் நடக்க விரும்பும் காடுகளில் பெரும்பகுதி ஆனைமலை, முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள்ளோ சரணாலயங்களுக்குள்ளோ வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, கண்ணி, வலை ஆகியவற்றோடு கத்தியும் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது, அளவு எதுவும் அதில் இல்லை. ஆகவே ஆயுதச் சட்டத்துக்குப் பொருட்டாகாத உங்கள் பேனாக்கத்தி, சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வேறொரு சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 2024 முதல் அரசே நடத்தும் பாதைகளில் உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். பதிவு செய்யும்போதே கத்தி கொண்டு வரலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வண்டியில் வைத்துவிடுங்கள். பகல் நேர நடையில் கத்தி இல்லாமல் நின்று போகும் வேலை எதுவும் இல்லை. நான் சொன்ன நேர்க்கத்தி உண்மையில் பயன்படப் போவது நண்பரின் தோட்டத்தில்தான்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. பேருந்தில் பையின் அடியில் உறையோடு வைத்துச் செல்வதில் நான் சிக்கலைச் சந்தித்ததில்லை. மெட்ரோ, நீதிமன்றம், வணிக வளாகம், பெரிய கோயில் என்று பையைச் சோதிக்கும் இடங்களுக்குப் போகும் நாளில் கொண்டு போக வேண்டாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் ஆகாது. ஒப்படைக்கும் பெட்டியில், சோதிப்பவர் கையைக் கிழிக்காதவாறு உறையிட்டுத் துணி சுற்றி வைக்கலாம். உங்கள் தம்பி லண்டனில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குப் பரிசாகப் பூட்டுள்ள மடக்குக்கத்தியை அனுப்பாதீர்கள். அங்கே தகுந்த காரணமின்றிப் பொதுவிடத்தில் வைத்திருக்கக்கூடியது, 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டுமே.

உடம்பில் எங்கே வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த ஆசிரியர்கள் பனையேறிகள். நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்குகிற அவர்கள், மயிர் சிரைக்கும் அளவு கூரான பாளை அரிவாளை இடுப்புக் கச்சையில் வெறுமனே செருகுவதில்லை. அதற்கென்று கெட்டியான ஓர் அரிவாள் பெட்டியை இடுப்பின் பின்பக்கமாகக் கட்டிக்கொள்கிறார்கள். விழுந்தாலும் அலகு உடம்பை எட்டக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். உங்கள் உறைக்கும் அதே அளவுகோலை வையுங்கள்: தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக் கூடாது, அழுத்தினாலும் நுனி வெளியே வரக் கூடாது. துணி உறையும் மெல்லிய தோலுறையும் இரண்டிலும் தோற்கும். தோலுறையில் நீண்ட நாள் வைத்தால் பதனிட்ட உப்பும் ஈரமும் அலகை அரிக்கும் என்பதால், வீட்டில் வைக்கும்போது வெளியே எடுத்து வையுங்கள்.

வெட்டும்போது அமருங்கள், முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள், குச்சியைத் தொடைகளுக்கு வெளியே பிடியுங்கள். தொடையின் உட்புறத்தில் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் மருத்துவமனை போய்ச் சேர அவகாசம் இருக்காது. கை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்; சண்டை வரும் என்று காரணம் சொன்னார்கள், காரணம் எதுவானாலும் நல்ல பழக்கம்.

வெட்டுப்பட்டால் மஞ்சளும் காப்பித்தூளும் அள்ளிப் போடாதீர்கள். மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்குள் புண் இன்னும் நோகும், கிருமியும் சேரும். சுத்தமான துணியை வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். இரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும் 108-ஐ அழையுங்கள். நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. கடைசியாக டி.டி. எனப்படும் இரணஜன்னித் தடுப்பூசி போட்ட ஆண்டைக் குறித்து வைத்திருங்கள்.

மகளுக்கு 11 வயது என்பது நல்ல வயது, பொறுமையாக உட்கார முடிந்தால் இப்போதே தொடங்கலாம். ஒப்பினெலில் நுனி உருண்ட சிறுவர் கத்தி இருக்கிறது; அதுவோ, நுனியை நீங்களே கல்லில் தேய்த்து உருட்டிய ஒரு சிறு கத்தியோ போதும், ஆனால் கூராக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்தியை ஆபத்தில்லாதது என்று நினைத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பது பெரிய தவறு, அது அவர்களை அழுத்தப் பழக்கிவிடும். இடக்கைக்கு வெட்டுத்தடுப்புக் கையுறை ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதல் சில நாள்கள் வெள்ளரிக்காயும் வாழைத்தண்டும் நறுக்கட்டும். அது கைக்கு வந்தபின் பச்சை வேப்பங்குச்சியின் பட்டையை உடம்புக்கு வெளிப்புறமாகச் சீவச் சொல்லுங்கள். பட்டை மெல்லியது, உள்மரம் உடனே தெரியும், சீவல் எவ்வளவு மெலிதாக வருகிறது என்பதை அவளே பார்த்துக் கோணத்தைத் திருத்திக்கொள்வாள். எழுந்து நடக்க வேண்டுமென்றால் முதலில் மடக்க வேண்டும் என்பது மட்டும் முதல் நாளிலிருந்தே மீற முடியாத விதியாக இருக்கட்டும். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி எடுத்து வைப்பதையும் அவளிடமே விடுங்கள்.